ரசம் சாதமும் என் வலது கையும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன மார்கழில வாசல் தெளிச்ச ஈரத்துலயே வழுக்கி, கைய ஊணி விழுந்ததுல வலது மணிக்கட்டு முறிஞ்சு 6 வாரம் மாவுக்கட்டோட கெடந்தேங்க. தலை பின்ன மருமக, தண்ணி பாட்டில் மூடி தெறக்க பேரன், சாப்பிட இடது கைல ஸ்பூன் (ரசம் சாதத்த ஸ்பூன்ல தின்னா அது ஒரு சாப்பாடா சொல்லுங்க).

கட்டு பிரிச்சா முடிஞ்சிரும்னு பாத்தா, கை குச்சியா மெலிஞ்சு மடங்கவே மாட்டேன்னுருச்சு. வெந்நீர்ல முக்கி, ஸ்பாஞ்ச் பந்த அமுக்கி அமுக்கி 2 மாசம், வலி உயிர் போகும், ஆனா அத விட்டுட்டா விறைச்சே போயிரும்னு பிசியோ பொண்ணு விடல.

போன வாரம் நானே புளி கரைச்சேன், நானே பின்னிக்கிட்டேன், வாசல்ல 7 புள்ளி வச்சு கோலமும் போட்டாச்சு, கோடு நடுங்குச்சுதான், பக்கத்து வீட்டு அக்கா "பரவால்லயே"ன்னுட்டு போனாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

மாதவிடாய் நின்னப்புறம் பொம்பளைங்களுக்கு எலும்பு வலு கொறையும், லேசா விழுந்தாலே மணிக்கட்டு போயிரும்னு டாக்டர் சொன்னது எனக்கு 58 வயசுலதான் தெரியுது. உங்க மகளிர் பக்கத்துல சமையல் குறிப்புக்கு நடுவுல இதையும் கொஞ்சம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை