1886 நியூயார்க் மேயர் தேர்தல்: இரண்டு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தியோடர் ரூஸ்வெல்ட் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் 1886 நவம்பர் 2 அன்று நடந்த நியூயார்க் மேயர் தேர்தலை இரண்டு வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். ரூஸ்வெல்ட் 28 வயதில் குடியரசுக் கட்சி சார்பில் நின்றார், மூன்றாவதாக வந்தார், ‘டம்மனி ஹால் திருடிய தேர்தல்’ என்று ஒரு போடு (டம்மனி ஹால் என்பது நியூயார்க் அரசியலை ஆட்டிவைத்த ஜனநாயகக் கட்சி அமைப்பு). அடுத்த பத்தியில் லண்டனில் கல்யாணம்!

அந்தத் தேர்தலில் ஊரைக் கலக்கியவர் ரூஸ்வெல்ட் இல்லை, ஹென்றி ஜார்ஜ். கப்பலில் வேலை பார்த்து, அச்சுக்கோர்த்து, பிறகு பத்திரிகையாளர் ஆனவர். ஊர் வளர வளர நிலத்தின் விலை ஏறுகிறது, அந்த ஏற்றம் ஊருக்கே வரியாகத் திரும்ப வேண்டும் என்று எழுதியவர். தொழிற்சங்கங்கள் அவரைப் போட்டியிட அழைத்தபோது, முதலில் 30,000 பேரின் கையெழுத்தைக் கொண்டு வாருங்கள் என்றார். அதற்கு மேலேயே கொண்டு வந்து கொடுத்தார்கள். விலகிக்கொண்டால் நாடாளுமன்ற இடம் தருவதாக எதிர்த்தரப்பிலிருந்து தனக்குத் தூது வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

டம்மனி ஹால் நிறுத்தியது இரும்பாலை முதலாளி ஏப்ரம் ஹெவிட்டை. அவருக்கு 90,552 ஓட்டு, ஜார்ஜுக்கு 68,110, ரூஸ்வெல்ட்டுக்கு 60,435. ஜார்ஜ் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் குடியரசுக் கட்சிக்காரர்களே கணிசமாக ஹெவிட் பக்கம் சாய்ந்ததும் ரூஸ்வெல்ட் பின்தங்க ஒரு காரணம். கட்டுரையில் இது இல்லவே இல்லை.

சரி, திருட்டு? ஜார்ஜின் ஆட்கள் அப்போதே அப்படித்தான் சொன்னார்கள். டம்மனியின் பழைய சரித்திரத்தைப் பார்த்தால் நம்பவும் தோன்றும். ஆனால் வித்தியாசம் 22,442 ஓட்டு. அத்தனையும் எண்ணிக்கையில் மாயமானது என்று சொல்ல உறுதியான ஆதாரம் வேண்டும், கட்டுரையாளர் ஒன்றும் காட்டவில்லை.

என்னைக் கேட்டால், திருட்டே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தத் தேர்தல் நியாயமானதில்லை. அன்று நியூயார்க்கில் வாக்குச்சீட்டை அரசு அச்சடிக்கவில்லை, கட்சிகளே அச்சடித்தன. வாக்குச்சாவடி வாசலில் கட்சிக்காரர் கொடுக்கும் சீட்டை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். யாரிடம் வாங்கினீர்கள் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கு வேலை கொடுத்தவரின் ஆள் உட்பட. காசு வாங்கியவர் சொன்னபடி போட்டாரா என்று கண்காணிக்கவும் இதைவிட வசதி கிடையாது. புதுக் கட்சியோ சீட்டை அச்சடிக்கும் செலவையும் தாங்கி, ஒவ்வொரு சாவடிக்கும் ஆளையும் தேட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஜார்ஜ் 68,110 ஓட்டு வாங்கினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வேட்பாளர்கள் எல்லோர் பெயரும் ஒரே சீட்டில், அரசே அச்சடித்து, மறைவாக நின்று ஓட்டுப் போடும் முறை ஆஸ்திரேலியாவில் 1856 முதலே இருந்தது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1871 இலேயே எழுதியவர் இதே ஹென்றி ஜார்ஜ். மாசசூசெட்ஸ் 1888 இல் சட்டம் இயற்றியது. நியூயார்க் 1890 இல்தான் அரசுச் சீட்டுக்கு இறங்கி வந்தது, அதுவும் அரைகுறையாக. ஜார்ஜ் 1897 இல் மறுபடியும் மேயர் பதவிக்கு நின்று, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனார்.

ரூஸ்வெல்ட் தொடரின் அடுத்த பகுதிக்கு முன், இந்த வாக்குச்சீட்டுச் சட்டங்கள் வந்த விதம் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி