வேணாம்னாலும் ஒரு வரி பதில் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கோத்தகிரி பக்கம் தோட்டத்துல இருந்து ஃபேக்டரிக்குத் தேயிலை ஏத்துற இலை வண்டி ஓட்டுறவன். புத்தகத் திருவிழா வந்தாலே மேடையில எல்லாரும் புதுசா எழுத வாங்க, உங்க மண்ணோட கதைய எழுதுங்கன்னு கூப்புடுறாங்க, சந்தோஷம்தான், ஆனா எழுதி முடிச்சவன் அதை எங்க கொண்டுபோய் குடுக்கறது, யாரு படிப்பாங்கன்னு யாருமே பேசறதில்ல, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாலு வருஷமா ஒரு நாவல் எழுதி முடிச்சு வச்சிருக்கேன். சாயங்காலம் ஃபேக்டரியில இலை இறக்க வரிசையில நிக்கும்போது ஸ்டீயரிங் மேல நோட்ட வச்சு எழுதுனது. மொத ரெண்டு வருஷம் ஒண்ணும் உருப்படியா வரல. மேகம், ஏரி, டூர் வந்த பொண்ணுன்னு 90 பக்கம் எழுதிட்டு எனக்கே படிக்க புடிக்காம தூக்கிப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் ரேஷன் கார்டு தேடும்போது பாட்டியோட தகரப்பெட்டியில ஒரு பழைய ஃபேமிலி கார்டு கெடச்சது, சிலோன்ல இருந்து வந்தவங்களுக்குக் குடுத்தது. 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சுன்னு ஸ்கூல்ல படிச்சதோட சரி, அதுல ஒரு ஆளு தினம் எனக்கு ரொட்டி சுட்டுப் போடுற பாட்டிதான்னு அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

கேக்க ஆரம்பிச்சேன். தலைமன்னாருக்கு வந்த ரயில அவங்க அழுகைக் கோச்சின்னு சொல்லுவாங்க. அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அதுக்கப்புறம் டேன்டீங்கற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு இந்த மலை. அந்த ரயில் சீன்ல பாட்டி ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டு கதறுற மாதிரி எழுதி வாசிச்சுக் காட்டுனேன். "நான் எங்கடா அழுதேன், பக்கத்து லயத்துக்காரிக்கு ஆட்ட வித்தேன், அவ பாதிக் காசுதான் குடுத்தா, மீதிய இனிமே எப்புடி வாங்கறதுன்னுதான் தலைமன்னார் வரைக்கும் நெனச்சிக்கிட்டே வந்தேன்"னாங்க. எழுதுன பன்னெண்டு பக்கத்தையும் கிழிச்சிட்டேன். இப்ப அந்த ஆடுதான் என் நாவலோட மொத அத்தியாயம்.

இதுவரைக்கும் வந்த கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமே இல்லங்க. ராத்திரி ராத்திரியா ஃபோன்லயே டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்தா 312 பக்கம், ஏழு பதிப்பகத்துக்கு கூரியர் போட்டேன். அஞ்சு இடத்துல இருந்து ஒரு வார்த்தை வரல. ஒருத்தர் ஃபோன் பண்ணி, அரசு நூலகத்துக்கு வாங்கற லைப்ரரி ஆர்டர நம்ப முடியாது, புது ஆளு நாவல் ஓடாது தம்பி, கவிதைன்னா சின்னதா போட்டுடலாம்னாரு. இன்னொருத்தர் 60 ஆயிரம் குடுத்தா 300 காப்பி போட்டுத் தரேன், அதுல 200 நீங்களே எடுத்துக்கணும்னாரு. கணக்கு கேட்டேன். லேஅவுட், அட்டை, ப்ரூஃப், அப்புறம் ஐஎஸ்பிஎன்னு புத்தகத்துக்குப் போடுற அடையாள நம்பருக்கு 3 ஆயிரம். என்னை மாதிரி புதுசா எழுதறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், ஐஎஸ்பிஎன் நம்ம நாட்டுல இலவசம், மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சிதான் குடுக்குது, எழுதுனவரே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். அதைவிட எனக்கு மனசு விட்டுப்போனது அந்தக் கணக்குல எடிட்டிங்னு ஒரு வரி கூட இல்லங்கறதுதான். என் நாவல்ல மண்டபம் கேம்ப் பகுதி இழுக்குதுன்னு எனக்கே தெரியுது, எங்க வெட்டணும்னுதான் தெரியல. அதைச் சொல்லத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா கடன் வாங்கியாவது காசு குடுத்திருப்பேன்.

நேர்ல போனா கதை வேறயா இருக்கும்னு நெனச்சு ஜனவரியில மேட்டுப்பாளையம் போய் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னையில புத்தகக் காட்சி நடந்த நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கே போனேன். ஒரு ஸ்டால்ல பில் போட்டுட்டிருந்த தம்பி, கூட்டத்துக்கு நடுவுலயும் என் நாவல மரியாதையா வாங்கி மேஜைக்கு அடியில வச்சாரு. ராத்திரி கடை சாத்தற நேரம் திரும்பப் போய்ப் பார்த்தேன், அதே எடத்துல, பார்சல் கட்டுற சணல் உருண்டைக்கு அடியில இருந்துச்சு. நானே திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

பதிப்பகத்துக்காரங்கள குறை சொல்ல வரல. பேப்பர் விலை ஏறிப்போச்சு, 300 காப்பி தீரவே வருஷக்கணக்காகுது, அவங்களும் குடும்பம் நடத்தணும். நாவலப் போட்டே ஆகணும்னும் கேக்கல. பத்து பக்கம் படிச்சேன், இந்த எடத்துல விட்டுட்டேன், வேணாம்னு ஒரு வாட்ஸ்அப் போதும், எந்த எடம்னு தெரிஞ்சா அதைத் திருத்துவேன். பதிலே வராதப்பதான் கதை மோசமா, இல்ல கவரையே பிரிக்கலையான்னு தெரியாம ராத்திரி தூக்கம் போகுது.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும் ஐயா. தமிழ்ல எத்தனையோ பேரு பத்திரிகையில தொடர்கதை எழுதி எழுதித்தான் நாவலாசிரியர் ஆனாங்க. உங்க ஞாயித்துக்கெழமை இணைப்புல மாசத்துக்கு ஒருக்கா அரைப் பக்கம் இந்த மலைப்பக்கத்து ஆளுங்களுக்கு விடுங்க. ஹட்டின்னு சொல்ற படுகர் ஊருங்கள்ல எழுதறவங்க இருக்காங்க, கூடலூர் பந்தலூர் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க இருக்கற லைன் வீட்டுல நோட்டுக்கணக்கா எழுதி வச்சிருக்காங்க. அதே மாதிரி சொத்து வரியோட சேத்து நூலக வரின்னு ரூபாய்க்கு 10 பைசா எல்லாரும் கட்டுறோம், கிளை நூலகத்துல மாசம் ஒரு சாயங்காலம் எழுதுனத வாசிச்சுக் காட்ட எடம் குடுத்தா போதும், நாற்காலி இல்லாட்டி நின்னுக்கிட்டே வாசிக்கறோம்.

பாட்டிக்கு இப்ப 83 வயசு, எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழமை மதியம் நான் வாசிக்க அவங்க கேட்டு, தப்பு இருந்தா சொல்லுவாங்க. இன்னும் ஆறு அத்தியாயம் வாசிக்க வேண்டியிருக்கு. அட்டை போட்ட புத்தகமா அவங்க கையில குடுக்கணும்னுதான் இவ்வளவு அவசரப்படுறேன்.

இப்படிக்கு,
இலை வண்டி டிரைவர் ஒருவர்,
கோத்தகிரி.