டாவோஸ் பனியில் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள குகனுக்கு,

உன் மடல் கிடைத்தது. அம்மா நலமடைந்து வீடு திரும்பிவிட்டார் என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. குளிர்காலத்தில் மலைக்குப் போகிறாயே, பனிச்சரிவில் அகப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தாய். சென்ற சனிக்கிழமை, சுவிஸ் மலைநகரான டாவோஸில் அதற்கான பயிற்சிக்குத்தான் போயிருந்தேன்.

பனிச்சரிவில் புதையுண்டவரைக் கண்டுபிடிக்க உதவும், இங்கு எல்.வி.எஸ். என்று அழைக்கப்படும் தேடுகருவி ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் நாள் முழுவதும் 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதையுண்டதும் மற்ற எல்லோரும் தத்தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். ஒருவர் மறந்தாலும், தேடுபவர் பனிக்குக் கீழே கிடப்பவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடமே வந்து சேர்வார்.

கருவியின் அம்புக்குறி நேராக வழிகாட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். காந்தப்புலக் கோடுகள் வளைந்தவை என்பதால், அது நம்மையும் வளைத்தே கூட்டிச் செல்கிறது. திரையில் தூரத்தை மீற்றரில் காட்டும் எண் 40, 28, 15 என்று இறங்கி 3ஐத் தொட்டபோது, பதற்றத்தில் வேகமாக நடந்து இடத்தைக் கடந்துவிட்டேன்; எண் மறுபடி ஏறியது. பயிற்சியாளர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, முழங்காலிட வைத்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திசை திருப்பாமல் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமுமாக மெல்ல நகர்த்தச் சொன்னார். மிகச் சிறிய எண் வந்த இடத்தில் துழாவுகோலைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கினேன். பிறகு 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். நான்காவது குத்தில் மெத்தென்று ஏதோ தடுத்தது. கருவி வைத்துப் புதைத்த பைதான் அது. ஆனாலும் என் கைகள் நடுங்கின. கோலைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து சவளால் தோண்டினோம். தேடியதைவிடத் தோண்டியதற்கே அதிக நேரம் போயிற்று.

முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு மூச்சுத்திணறலால் அந்த வாய்ப்பு வெகு விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஹெலிகொப்டர் வருவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கடந்துவிடும் என்பதால், உடன் வந்தவர்களை நம்பித்தான் புதையுண்டவரின் உயிர் இருக்கிறது. கருவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பயிற்சிக்கு மட்டும் வர மறுக்கும் இரண்டு நண்பர்களுடன் இனி மலையேறுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். இம்முறை இருவர் அருகருகே புதையுண்டதாக வைத்துப் பயிற்சி. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
சிவா