டாப்ஸ்லிப் கண்ணோடு வராதே, கார்த்தி

அன்புள்ள கார்த்தி,

"அத்தை, பிளாக் ரிவர் காட்டில் என்னென்ன மிருகம் இருக்கும்?" என்று கேட்டிருந்தாய். ஊரிலிருந்து மொரிஷியஸ் வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் பதிலை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

மிருகம் என்று பார்த்தால், தீவின் நிலத்துக்கே சொந்தமான பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், குரங்கு, பன்றி எல்லாம் கண்ணில் படும். ஆனால் அத்தனையும் மனிதர்கள் கப்பலில் ஏற்றி வந்தவை. மானை 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். யானைச் சாணி, காட்டெருமைக் குளம்படி என்று தரையைப் பார்த்தே நடக்கிற உன் ஆனைமலை டாப்ஸ்லிப் பழக்கம் இங்கே உதவாது. நிமிர்ந்து பார்க்க வேண்டிய காடு இது.

காட்டுப் பாதை தொடங்கும் பெத்ரேனில் மாமா இறக்கிவிடுவார். அங்கிருந்து மக்காபே முனை வரை பாதை ஏறக்குறைய சமதளம். இரண்டு பக்கமும் பச்சை அடர்ந்திருக்கிறதே என்று மயங்கிவிடாதே. பாதி சீனக் கொய்யாப் புதர். சிவப்புச் சிவப்பாகப் பழுக்கும், ருசியும் அபாரம். பருவத்தில் குடும்பம் குடும்பமாக வந்து பறிப்போம், நானும்தான். ஆனால் அதன் அடியில் சொந்த மரத்தின் நாற்று ஒன்றும் தலை தூக்க முடியாது. பழைய காடு இந்தத் தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. வனத்துறை சில துண்டுகளுக்கு வேலி போட்டு, கொய்யாவைக் களைந்து வைத்திருக்கிறது. மரங்கள் குட்டையாக, புயலில் முறுகி, நம் சோலைக்காடு போல இருக்கும். நிற்பதென்றால் அந்த இடங்களில் நில். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால்தான் காடு உன்னை மறக்கும்.

மைனாவும் சிவப்புக் கன்னத்துச் சின்னானும் ஓடி வந்து வரவேற்கும். அவை நம் ஊர்ச் சரக்கு, கேமராவை வீணாக்காதே. கிளியில் மட்டும் கவனம் வேண்டும். ஊரில் பார்க்கிற அதே பச்சைக்கிளியும் இங்கே பெருகிவிட்டது. தீவின் சொந்தக் கிளி அதற்கு நெருங்கிய உறவுதான். ஆனால் பச்சை அடர்த்தி, வால் குட்டை, குரல் கட்டை. பெட்டையின் அலகு கறுத்திருக்கும். 1980-களில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தன. இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் காட்டில் பத்தாகக் குறைந்தது. இப்போது இரண்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் புறாவுக்குப் பயமே கிடையாது, தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து தளிர் கொறிக்கும். பூனைக்கும் கீரிக்கும் அது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பார்.

இந்தத் தீவுக்கே சொந்தமான சின்ன வல்லூறின் (மொரிஷியஸ் கெஸ்ட்ரல்) கதைதான் எனக்குப் பிடித்தது. 1974-இல் காட்டில் இருந்ததாகத் தெரிந்தது நான்கே நான்கு. டி.டி.டி. பூச்சிமருந்து, அழிந்த காடு, முட்டை திருடும் குரங்கு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1979-இல் வந்த வேல்ஸ்காரர் கார்ல் ஜோன்ஸ் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். கூடு காலியானதும் தாய் மறுபடி இட்டது. குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். மற்ற வல்லூறுகளைப் போல வெளியில் வட்டமிடாது இது. குட்டை இறக்கையால் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறந்து, கிளையில் வெயில் காயும் பச்சைப் பல்லியைப் பிடிக்கும். பிளாக் ரிவர் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில், பாறைச் சுவரைப் பார்த்தபடி காத்திரு.

அந்த அடிவாரத்துக்கு இறங்கும் பாதைதான் தொல்லை. மக்காபேயிலிருந்து செங்குத்து, மழை பெய்தால் செம்மண் சறுக்கும். மேட்டில் எப்போதும் மழைதான். குடை வேண்டாம், கைகள் காலியாக இருக்கட்டும்.

மே லீவில் வருகிறேன் என்றாய். கொய்யா தின்ன வேண்டுமானால் வா. பறவைக்கு என்றால் தீபாவளியை ஒட்டி வா. கூடு கட்டும் காலம் அது, மரங்களும் பூத்திருக்கும். தைப்பூசக் காவடி பார்க்கவும் ஆசைப்படுகிறாய், ஆனால் அப்போது புயல் காலம், காட்டுப் பாதையை நம்ப முடியாது.

மாலையில் பெரிய வௌவால்கள் வெளிச்சம் இருக்கும்போதே பள்ளத்தாக்கின் மேல் மிதக்கும். லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கின்றன என்று 2015-இல் அரசாங்கமே ஆயிரக்கணக்கில் சுட்டது. எங்கள் வீட்டு லிச்சியையும் விடுவதில்லைதான். இருந்தாலும் காட்டு மரங்களின் விதையைத் தூக்கிப் போய்ப் போட வேறு யார் இருக்கிறார்கள்? மாமாவிடம் இந்தப் பேச்சை எடுக்காதே, சண்டை வரும்.

போனில் பறவைக் குரல் போட்டு அழைக்காதே, கூட்டில் இருப்பது எழுந்து வந்துவிடும். ஷூவின் அடியை ஊரிலேயே தேய்த்துக் கழுவிவிடு, இன்னொரு களை விதை இங்கே வேண்டாம். தால் பூரி கட்டித் தருகிறேன். குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறக்காதே. டிக்கெட் போட்டதும் சொல், மாமா லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை