நினைவில்லாதவரின் கட்டைவிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தில் தலையில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு இழப்பீடு கிடைத்தது என்ற செய்தியை உங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறேன். எத்தனை லட்சம் என்பது தலைப்பிலேயே வந்துவிடும். பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் அந்த மனிதருக்காக மனுவில் கையெழுத்துப் போட்டது யார் என்பதைத்தான் எங்கும் காணோம். என் போன்றவர்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

தன் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன என் கணவர் விபத்தில் உயிர் தப்பினார்; நினைவு மட்டும் திரும்பவில்லை. கண் திறந்திருக்கும். தொண்டையில் குழாய். இடது கை இறுகி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். நகம் குத்திப் புண்ணாகிவிடக் கூடாதென்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி ஒரு துணிச்சுருளைக் கைக்குள் வைத்திருப்போம்.

ஒருநாள் வக்கீல் குமாஸ்தா, வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவமும் ஸ்டாம்ப் பேடுமாக வீட்டுக்கு வந்தார். துணிச்சுருளை உருவிவிட்டு விரலைப் பிரிக்கப் போனார். அவர் விரலை என் கணவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களாம்மா, சாருக்கு எல்லாம் புரியுது" என்றார் குமாஸ்தா. உள்ளங்கையில் எது பட்டாலும் அந்தக் கை அப்படித்தான் மூடிக்கொள்ளும். அது அனிச்சைச் செயல் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நான் வங்கி ஊழியை. உடம்புக்கு முடியாத வாடிக்கையாளரிடம் இரண்டு சாட்சிகளை வைத்து ரேகை வாங்கியிருக்கிறேன். கைவிரல் முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். ஆனால் எதற்காக வைக்கிறோம் என்பது வைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரின் விரலை மையில் தோய்த்து வைத்தால் எங்கள் பிழைப்பில் அதற்கு வேறு பெயர். குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "எல்லாரும் இப்படித்தாம்மா செய்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 32, விதி 15. மனநலம் குன்றியவர் என்று ஏற்கெனவே தீர்ப்பான ஒருவருக்கு மட்டும் உரியதல்ல அது. மன இயலாமையால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று நீதிமன்றம் விசாரித்துத் தெரிந்துகொண்டாலே போதும், அவர் சார்பில் இன்னொருவர் வழக்கு நடத்தலாம். வக்கீல்கள் வாயில் அவர் 'நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்'. கட்டிய மனைவிக்கு இப்படி ஒரு பட்டம்! ஆனால் இப்படி ஒருவரை நியமிக்கக் கேட்டு மனு போட ஒரு வாய்தா, விசாரணைக்கு இன்னொன்று என்று நாள் போகும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீடு கேட்க வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் எல்லாருக்கும் அவசரம். அந்த அவசரத்தில்தான் ஸ்டாம்ப் பேடு வீட்டுக்கு வருகிறது.

வீட்டுக்குள் வேறு சிக்கல். "அண்ணி, நீங்க கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேணாம், நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் கொழுந்தன். மனதாரத்தான் சொன்னார். ஆனால் வண்டி அவருடையது, ஓட்டியதும் அவர். மனுவில் முதல் எதிர்மனுதாரரே அவர்தான். எதிர்த்தரப்பில் இருப்பவர் இந்தப் பக்கம் வந்து நிற்க முடியாது, நலன் முரண்படவும் கூடாது என்கிறது விதி 4. "தம்பி மேலயே கேஸா?" என்று கேட்ட மாமியாரிடம், பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதான் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. இன்றுவரை அவருக்கு மனசு ஆறவில்லை.

நியமன மனுவோடு முதலில் நான் கொண்டுபோன மருத்துவச் சான்று உதவவில்லை. ஊனம் 100 சதவீதம், வேலைக்குத் தகுதியற்றவர் என்று எழுதியிருந்தது. வேலைக்குப் போக முடியாதவர்கள் பலருக்கும் தங்கள் வழக்கு நன்றாகவே புரியும். நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியது வழக்கு அவருக்குப் புரிகிறதா என்பதுதானே? மனு திரும்பி வந்தது.

அடுத்த வாய்தாவுக்கு அவரை ஆம்புலன்சிலேயே கூட்டிப்போனோம். நீதிபதி கீழே இறங்கி வந்து கதவருகே நின்று பெயரைக் கேட்டார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். என்னைக் காட்டி "இவங்க யாரு?" என்றார். என் கணவரின் கண் மேலே மாட்டியிருந்த குளுக்கோஸ் பாட்டிலிலேயே இருந்தது. அந்த விசாரணை அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என்னை நியமித்தார்கள்.

நியமித்ததோடு சர்வாதிகாரம் வந்துவிடவில்லை. நீதிமன்ற அனுமதியில்லாமல் பணத்தை நான் வாங்க முடியாது (விதி 6), சமரசம் பேசி முடிக்கவும் முடியாது (விதி 7). லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொள்ளலாமே என்று எதிர்த்தரப்பிலிருந்து போன் வந்தபோது எனக்குக் கைகொடுத்ததே இந்த விதி 7தான். இந்த உத்தரவைக் காட்டி அவருடைய சம்பளக் கணக்கையும் தொட முடியாது. இது இந்த வழக்குக்கு மட்டும். கோமாவில் இருப்பவரின் சொத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பாளரை நியமிக்கத் தனிச்சட்டம் இல்லாததால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்தது. வங்கியில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நானே பல மனைவிமார்களிடம் "முடியாதும்மா" என்று சொல்லியிருக்கிறேன். காரணத்தை உட்காரவைத்து விளக்கியதில்லை.

நான் கேட்பது இரண்டு. விபத்து மனு தாக்கலாகும்போது, அடிபட்டவருக்குச் சுயநினைவு இருக்கிறதா, வழக்கு புரிகிறதா என்று, இந்த வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் அலுவலகம் முதல் நாளே கேட்கட்டும். இல்லையென்றால் நியமன மனுவையும் அன்றே சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். தலைக்காய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரிகளும் அதே கேள்விக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் பதில் எழுதட்டும். நீளமாக எழுத வேண்டியதில்லை. "சொல்வதை இவரால் புரிந்துகொள்ள முடியவில்லை, தன் வழக்கைப் பற்றி வக்கீலிடம் எதையும் தெரிவிக்க இயலாது" என்று இரண்டே வரிதான் எங்கள் டாக்டர் இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள்தான் மனுவோடு செல்லுபடியானது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்)