கொம்பு முளைத்த செங்குழியங்கள்

மச்சான்,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கு இன்னும் பதில் இல்லை, தெரியும். திட்டுவதை நேரில் வந்து திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, நீ கொண்டுவந்த சொக்லேட்தான் காரணமாம்.

சரி, விஷயத்துக்கு வாறேன். வேளாண்மை வெட்டு நேரம் பாம்புக்கடி கூடும்தானே. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், வரம்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வந்தபோது 20 நிமிடமாகியும் இரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றி அது சரிவந்த பிறகும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனது, சலம் (சிறுநீர்) போவதும் குறைந்துவிட்டது. லாப்பில் இரத்தச் செல்களை எண்ணும் எங்கள் மெஷினோ, இரத்தம் உறைய உதவும் சின்னத் துணுக்கான பிளேட்லெட்டுக்குப் பயப்படும்படி இல்லாத ஒரு எண்ணைத் தந்துவிட்டுச் சும்மா இருந்தது.

மனம் கேட்கவில்லை, பிளட் பிக்சர் போட்டேன், அதுதான் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சிலைட்டில் இழுத்துச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. இழுத்த பூச்சு மெலிந்து முடியும் வாலுக்குச் சற்று முன்னே, செல்கள் தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்தில் லென்ஸை வைத்தால், அடேய், கத்தியால் வெட்டினதுபோல ஒரு பக்கம் நேர் விளிம்பு, இரண்டு முனையிலும் கொம்பு, உடைந்த செங்குழியம், அச்சு அசல் ஹெல்மெட் செல்! பக்கத்தில் முக்கோணங்கள், நல்ல செங்குழியத்தில் தெரியும் நடு வெளிறலே இல்லாத துணுக்குகள். சின்ன நாளங்களில் இரத்தம் உறைந்து அடைத்த இடத்தில் உரசி அறுபட்டு வந்தவை. பிளேட்லெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மெஷின் பருமனைப் பார்த்துத்தானே எண்ணும், செங்குழியத் துண்டையும் பிளேட்லெட் கணக்கில் போட்டிருக்கிறது.

இந்தக் கடற்கரை ஈரத்தில் சிலைட் மெதுவாகக் காய்ந்து ஏமாற்றுவது உனக்குத் தெரியாததா? ஆனால் அப்படி வந்தால் அநேகமாக எல்லாச் செல்லும் ஒரே மாதிரி முள்ளுப் பிடித்து நிற்கும். இது அங்கொன்று இங்கொன்று, நல்ல செல்களுக்கு நடுவில். ஆயிரம் செல் எண்ணினேன். உடைந்தவை நூற்றுக்கு 1 தாண்டினாலே யோசிக்கச் சொல்வார்கள், இது அதை எப்போதோ தாண்டிவிட்டது. வார்டுக்குப் போன் போட்டதும் டொக்டர் தானே ஓடிவந்து குனிந்து பார்த்தார். டயலிசிஸ் செய்தார்கள். ஆள் இப்போது தேறி, தன் வயலைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் என்னவென்றால், புது மெஷின் வந்த நாளில் இருந்து "சிலைட் எதற்கு, நேரம் வீண்" என்று மேலே ஒருவர் பாட்டுப் பாடுகிறார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் படத்தில் காட்டினால் டார்கெட் செல், டியர் டிராப் என்று செல் வடிவங்களின் பெயரைக் கடகடவெனச் சொல்வார்கள், நுணுக்குக்காட்டியில் வைத்தால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எத்தனை சிலைட் பார்க்கக் கிடைக்கிறது? அந்த மனிதர் இரவு டியூட்டியில், எண்ணை மட்டும் எழுதி அனுப்புகிற ஒருவரிடம் மாட்டியிருந்தால் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே, நீ எடுத்துக்கொண்டு போன அந்த மரச் சிலைட் பெட்டி எனக்கு வேண்டும். அரிவாள் மாதிரி வளைந்த சிக்கிள் செல்லும் பந்துபோல உருண்ட ஸ்பெரோசைட்டும் அதில்தான் இருக்கின்றன, இங்கே காட்ட வேறு இல்லை. லென்ஸுக்கும் சிலைட்டுக்கும் நடுவில் விடும் இமெர்ஷன் ஒயில் ஒரு போத்தலும் சேர்த்துக் கொண்டுவா. தரமாட்டேன் என்றால் கல்லடிப் பாலத்துக் கதையை உன் மனுசிக்குச் சொல்லிவிடுவேன், வாத்தியார் சாட்சி.