மனப்பாட அட்டவணை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கிலச் சுருக்க வடிவங்களுக்கு ஓர் அட்டவணை வெளியாகியிருந்தது. இடப்பக்கம் சுருக்கம், வலப்பக்கம் விரிவு, கீழே ‘மனப்பாடம் செய்தால் போதும்’ என்று ஓர் அடிக்குறிப்பு. எனக்கு வழக்கு அந்த அடிக்குறிப்போடுதான்.

சுருக்கி எழுத அட்டவணை ஓரளவு உதவும். “டூ நாட்” என்பது “டோன்’ட்” ஆகும்போது “நாட்” என்பதன் நடுவிலுள்ள ‘ஓ’ உதிர்கிறது; உதிர்ந்த இடத்தில் அபாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி (’) வந்து நிற்கிறது. இரண்டு சொற்களை ஒட்டவைக்கும் பசை அது என்று எண்ணும் பிள்ளைகள்தாம் ‘என்’ எழுத்துக்கு முன்னால் அதைப் போட்டுவிடுகிறார்கள். எழுத்து விழுந்த இடத்தில்தான் குறி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

விரித்து எழுதும்போதுதான் அட்டவணை கைவிடுகிறது. “ஹீ’ஸ்” என்றால் “ஹீ இஸ்” என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். “ஹீ’ஸ் கம்மிங்” என்பதற்கு அது சரி. “ஹீ’ஸ் பீன் ஹியர்” என்றால் அங்கே இருப்பது “ஹேஸ்”. “லெட்’ஸ்” என்பதிலோ அதே ‘எஸ்’ எழுத்து “அஸ்” ஆகிவிடுகிறது. ‘டி’ இன்னும் பொல்லாதது. “ஹீ’ட் கோ” என்பதில் “வுட்”, “ஹீ’ட் கான்” என்பதில் “ஹேட்”. பின்னால் வரும் வினைச்சொல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதுவும் எப்போதும் கைகொடுக்காது. “ஹீ’ட் புட் இட் தேர்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “புட்” எல்லாக் காலத்திலும் “புட்” என்றே இருப்பதால், முன்பே வைத்திருந்தான் என்றும் படிக்கலாம், அங்கே வைப்பான் என்றும் படிக்கலாம். முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் எந்த அட்டவணையும் இதற்கு விடை சொல்லாது.

கேள்வி வாக்கியத்தில் வேறொரு தொல்லை. “வொய் டோன்’ட் யூ கம்?” என்பதை அட்டவணைப்படி விரித்தால் “வொய் டூ நாட் யூ கம்?” என்று வரும், இன்றைய ஆங்கிலத்தில் அப்படி யாரும் எழுதுவதில்லை. “நாட்” நகர்ந்து “யூ” என்பதற்குப் பின்னால் போக வேண்டும். இதேபோல், “யெஸ், ஐ ஆம்” என்று முடியும் விடையை “யெஸ், ஐ’ம்” என்று சுருக்க முடியாது. உடன்பாட்டில் வரும் இத்தகைய சுருக்கம் வாக்கியத்தின் இறுதியில் தனித்து நிற்காது. “நோ, ஐ டோன்’ட்” என்று எதிர்மறையில் முடிக்கத் தடையில்லை.

“வில் நாட்” என்பதன் சுருக்கமான “வோன்’ட்” மட்டும் ஏன் முரண்டுபிடிக்கிறது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். “வில்” என்பதற்கு முற்காலத்தில் ‘ஓ’ சேர்ந்த வடிவமும் இருந்தது. அதிலிருந்து பிறந்த சுருக்கம் இது. புணர்ச்சியில் கெடுதலும் திரிதலும் படித்த நம் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பது கடினமல்ல. “ஷல் நாட்” என்பதன் சுருக்கமான “ஷான்’ட்” என்பதில் இரண்டு இடங்களில் எழுத்துகள் போயிருப்பதால் முன்பு இரண்டு குறிகள் இட்டு எழுதியவர்களும் உண்டு. ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் அப்படித்தான் எழுதினார். 1893இல் வெளியான நூலொன்றின் முன்னுரையில் அதற்கு நியாயமும் சொன்னார். கணக்கு ஆசிரியர் அல்லவா, விடுபட்டதற்கெல்லாம் கணக்குக் கேட்டார்! நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவோ நேர்மாறு. “டோன்’ட்”, “வோன்’ட்” போன்றவற்றில் குறியே தேவையில்லை என்று நீக்கிவிட்டார். ஆனால் “ஐ’ல்”, “ஹீ’ல்” ஆகியவற்றில் அவரும் வைத்துக்கொண்டார். எடுத்தால் முன்னது நோயையும் பின்னது நரகத்தையும் குறிக்கும் சொற்களாகிவிடும்.

“இட்’ஸ்” பற்றியும் ஒரு வார்த்தை. “இட் இஸ்” அல்லது “இட் ஹேஸ்” என்று விரித்துப் பார்த்து வாக்கியம் நின்றால் குறி வேண்டும். நிற்காவிட்டால் அது உடைமையைக் குறிக்கும் சொல், குறி கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் உடைமைச் சொல்லையும் குறியோடு எழுதியவர்கள் உண்டு என்பதால், பிழை செய்யும் மாணவரை ரொம்பவும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்த முறை அட்டவணைக்குப் பதிலாகப் பத்து முழு வாக்கியங்களைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்லுங்கள். விடைகளை அச்சிடும்போது, “ஹேட்” என்று ஏன் விரித்தோம், “வுட்” என்று ஏன் விரிக்கவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்